வெள்ளைச் சோறு, வெள்ளை மாத்திரை

அத்தியாயம் 17

வினார்னி கைகளைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு மணப்பெண் அறைக்குள் நுழைந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். ஒளித்துக்கொள்ள அவளுக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்குப் பின்னால் அவளுடைய அம்மா சுமிரா இருந்தாள். சுமிராவுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் பெரியம்மா கசியாத்தி இருந்தாள். கல்யாண வீட்டில் யாரும் தனியாகத் தப்பு செய்வதில்லை.

இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வினார்னி ஜாவாவின் சோலோ நகரத்தில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு லூபஸ் வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி அந்த உடம்பையே தாக்குகிற வியாதி அது. அன்றிலிருந்து தினமும் மாத்திரை. பச்சையும் மஞ்சளும் வியாதியை அடக்கி வைப்பதற்கு. வெள்ளை, வயிற்றுக்கும் எலும்புக்கும். பச்சையை மட்டும் ஒரு நாள்கூடத் தானாக நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார்.

எங்கள் ஊரில் மணப்பெண்ணும், அவள் நெற்றியில் மை வரைகிறவளும் கல்யாணத்துக்கு முன் விரதம் இருக்க வேண்டும். உப்பில்லாத வெள்ளைச் சோறு, வெறும் தண்ணீர், அவ்வளவுதான். அப்படி இருந்தால் பெண்ணின் முகத்தில் ஒளி இறங்குமாம். பார்க்கிறவர்கள் எல்லாம் 'ஆளே அடையாளம் தெரியலையே' என்பார்கள். ஒரு கல்யாணத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வியாதி வந்த பிறகு வினார்னி விரதத்தை விட்டாள். அவள் விட்டது தெருவுக்குத் தெரிந்தது, தெரு ஊருக்குச் சொன்னது. அவள் கையில் ஒளி போய்விட்டது என்று பேச்சு கிளம்பியது. கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

இந்த நேரத்தில்தான் தங்கை பிரஸ்திவிக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் அமைந்தது. பத்திக் துணி வியாபாரக் குடும்பம். நிச்சயத்தன்று கசியாத்தி எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "விரதம் இல்லாத கை எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு நெத்தியில படக் கூடாது. வேற ஆளு நான் ஏற்பாடு பண்றேன்."

சொந்தத் தங்கை நெற்றியில் வேறொருத்தி மை வரைவதா? சுமிராவும் ஒரு காலத்தில் இதே தொழில் செய்தவள்தான். அவளால் அதை விழுங்க முடியவில்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"விரதத்துல வெள்ளை மட்டும்தானே ஆகும்? அப்ப வெள்ளை மாத்திரைய மட்டும் போட்டுக்கோ. பச்சையும் மஞ்சளும் கல்யாணம் முடிஞ்சதும். விரதமும் கெடாது, மருந்தும் நிக்காது."

தன் கெட்டிக்காரத்தனத்தில் தானே மயங்கிப்போன சுமிரா, தினமும் காலையில் வெள்ளைச் சோற்றுத் தட்டின் ஓரத்தில் வெள்ளை மாத்திரைகளைப் பொறுக்கி வைத்தாள். வினார்னி சாப்பிட்டாள். இதைக் கண்டுபிடித்திருக்கக் கூடிய ஒரே ஆள் வினார்னியின் கணவன் ஹர்தோயோ. வேன் ஓட்டுகிற அவர், மகான்களின் சமாதிகளைத் தரிசிக்கப் போகிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வடக்குக் கரைப் பக்கம் போயிருந்தார். நேற்றுத்தான் திரும்பினார்.

பத்து நாளுக்கும் மேலாகப் பச்சை மாத்திரை இல்லை.

முதலில் காலில் செவசெவவென்று புள்ளிகள் வந்தன. வாயு ஏறியிருக்கிறது என்று சுமிரா மகளின் முதுகில் எண்ணெய் தடவிக் காசால் வழித்துவிட்டாள். முதுகு கன்றிச் சிவந்ததும், "பாரு, எவ்வளவு வாயு!" என்று திருப்திப்பட்டாள். அப்புறம் விரல் நுனிகள் ஊதா நிறமாயின. தீயில் வைத்ததுபோல எரிந்தன. முந்தாநாள் வலது ஆள்காட்டி விரலின் நுனி கறுத்தது. நேற்று அந்த நுனியில் எரிச்சல் நின்றுவிட்டது. சரியாகிக்கொண்டு வருகிறது என்று வினார்னி நினைத்துக்கொண்டாள்.

இனி இன்றைய கதை.

மணப்பெண் அறையில் பிரஸ்திவி கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். கொண்டை போடுகிற பெண்கள் இன்னும் வரவில்லை. வினார்னி சால்வையை எடுப்பதற்கு முன் மைக் கிண்ணத்தைத் திறந்து வலது கை விரல்கள் ஐந்தையும் அதில் தோய்த்தாள். எல்லா நுனிகளும் கறுப்பாகிவிட்டன. அலங்காரம் செய்கிறவள் விரல் கறுப்பாக இருந்தால் யார் ஏன் என்று கேட்கப்போகிறார்கள்?

"என்னக்கா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கைய நனைச்சுட்ட?"

"மை பதமா இருக்கான்னு பாத்தேன். தலைய ஆட்டாம உக்காரு."

வினார்னி இடது கையால் தங்கையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அய்யோ! உன் கை என்ன இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"ஏசிக் காத்து."

"ஏசியே இன்னும் போடலையே."

"அப்ப போடு. மை உருகிடும்."

பிரஸ்திவி சிரித்துக்கொண்டே ஏசியைப் போட்டாள். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு இன்று எல்லாமே சிரிப்புத்தான்.

"வெள்ளைச் சோறு தின்னுத் தின்னு என் நாக்கே செத்துப்போச்சு அக்கா. கல்யாணம் முடிஞ்சதும் முதல் வேலையா ஒரு கிண்ணம் மிளகாய்ச் சம்பல் வச்சுத் திங்கப்போறேன். புருஷன் எல்லாம் அதுக்கப்புறம்தான்."

"அதையும் உன் புருஷன் வீட்டுப் பெரியம்மாகிட்டக் கேட்டுட்டுத் தின்னு."

"அவங்க வாயிலேயே ஒரு கிண்ணம் சம்பல் இருக்கே!"

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது வினார்னிக்குக் கட்டை விரல் சுரீரென்று வலித்தது. கட்டை விரலில் இன்னும் வலி இருந்தது. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நெற்றியின் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பெரிய வளைவு. அதன் இரு பக்கமும் மொட்டுப்போல இரண்டு. அப்புறம் ஓரத்தில் இரண்டு, காதோரம் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு வரைந்த கை அது. இன்று மை தீட்டுகிற குச்சி, விரல்களுக்கு நடுவே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணை எடுத்தால் குச்சி நழுவியது. நடு வளைவு ஒரு முறை கோணிப்போயிற்று. பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"அக்கா, நீ இப்படித் துடைச்சு நான் பாத்ததே இல்லையே."

"சொந்தத் தங்கச்சி. பயமா இருக்கு."

"எனக்காகத்தானே இந்த விரதமெல்லாம்? அம்மா சொன்னா. டாக்டர்கிட்டப் போன்ல கேட்டாளாமே, வெள்ளை மாத்திரை மட்டும் போதும்னு அவங்களே சொன்னாங்களாமே. அதைக் கேட்டப்புறம்தான் எனக்கு நிம்மதி."

வினார்னியின் கை அப்படியே நின்றது. டாக்டரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்மா சொல்லியிருக்கிறாள், இந்தக் குழந்தை நம்பியிருக்கிறது. இப்போது வாயைத் திறந்தால் இந்த நெற்றியில் மை காயாது, கண்ணீர்தான் ஓடும்.

"ஆமாம்டி. கேட்டா."

வினார்னியையும் முழுக்க ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. பச்சை மாத்திரைதான் அவள் முகத்தைச் சந்திரன்போல உப்ப வைத்தது. சந்தையில் பழைய சினேகிதிகள் அவளைத் தெரியாமல் தாண்டிப் போனார்கள். மணப்பெண்களை அடையாளம் தெரியாமல் ஆக்குகிறவளை வியாதி அப்படி ஆக்கிவிட்டது. பச்சை நின்ற நாலாம் நாள் கண்ணாடியில் கன்னம் கொஞ்சம் வற்றினதுபோல இருந்தது. அந்த ஆசையும் அவள் வாயை அடைத்தது. இதையெல்லாம் டாக்டரிடம் போய் யார் சொல்வார்கள்?

மை முடிந்து, கொண்டை முடிந்து, மல்லிகைச் சரம் தோளில் இறங்கியபோது கதவு திறந்தது. கசியாத்தி வந்தாள். கழுத்திலும் காதிலும் நகை, கையில் விசிறி. பின்னால் அவளுடைய சொந்தக்காரப் பெண்கள் நாலு பேர். கசியாத்தி வாசலிலேயே நின்றாள்.

"யாருடி இது? நம்ம பிரஸ்திவியா? ஆளே அடையாளம் தெரியலையே!"

நாலு பேரும் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

கசியாத்தி கிட்டே வந்து, நடு வளைவை விசிறி முனையால் தொடாமல் தொட்டுக் காட்டினாள். "பாத்தியா வினார்னி? விரதம் இருந்தா வருது. இத்தனை நாளா உடம்பு உடம்புன்னு சாக்குச் சொல்லிட்டிருந்தியே. மனசு வச்சா உடம்பு கேக்கும். இப்ப கேட்டுதா இல்லையா?"

"கேட்டுதுங்க."

"அதான் நான் உன் அம்மாகிட்ட அன்னிக்கே கொஞ்சம் கறாராப் பேசினேன். உன் நல்லதுக்குத்தான்."

கோபம் வர வேண்டிய இடம் அது. வினார்னிக்கு வந்தது சந்தோஷம். மூன்று வருஷமாக அவள் கேட்காத வார்த்தையை நாலைந்து பேர் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். அவள் தலைகுனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெளியே பந்தலில் ஹர்தோயோ நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். மனைவி காலை இழுத்து இழுத்து வருவதைப் பார்த்து நிமிர்ந்தார்.

"கால்ல என்ன?"

"நின்னுக்கிட்டே வேலை பாத்தேன்ல."

"முகமும் ஒரு மாதிரி இருக்கு. மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"எல்லாமுமா?"

"அதான் போட்டேன்னு சொல்றேன்ல. வந்தவங்களைக் கவனிங்க."

அவள் போனாள். ஹர்தோயோ அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரோ கூப்பிட, நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டார்.

நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் சடங்குப்படி ஒருவர்மேல் ஒருவர் வெற்றிலை எறிந்தார்கள், முட்டை உடைத்தார்கள், பெரியவர்களின் முழங்காலில் முகம் வைத்து வணங்கினார்கள். பெண்ணின் அப்பா காலமாகிவிட்டதால் அவர் இடத்தில் சித்தப்பா உட்கார்ந்தார். பிரஸ்திவி குனிந்தபோது சுமிரா அழுதாள். நெற்றி மை கலையாமல் ஜாக்கிரதையாக மகளைத் தூக்கி நிறுத்தினாள். வரைந்தவள் கஷ்டம் வரைந்தவளுக்குத்தானே தெரியும்.

அடுத்தது இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கிற போட்டோ. சுமிரா மூத்தவளைத் தேடினாள். வினார்னி ஒரு தூணுக்குப் பின்னால், சால்வையோடு.

"இங்க என்னடி பண்ற? கூப்பிடறாங்கல்ல. கைய வெளிய எடு, பாப்போம்."

"வேண்டாம்மா."

சுமிரா சால்வையை இழுத்தாள். ஐந்து விரலும் மை.

"கர்மம், கர்மம்! இந்தக் கையோடவா சம்பந்தி வீட்டுக்காரங்க பக்கத்துல நிப்ப? வா உள்ள."

"நானே கழுவிக்கறேன்."

"நீ கழுவற லட்சணம் தெரியாதா? சின்னப் பொண்ணுலேர்ந்து நான்தானே பாக்கறேன்."

பக்கத்து அறையில் மகளை உட்கார வைத்துத் தேங்காயெண்ணெயும் பஞ்சும் எடுத்தாள். மை தேங்காயெண்ணெய்க்குத்தான் போகும். சுண்டு விரல் துடைத்தாள், வெளுத்தது. மோதிர விரல், நடு விரல், லேசான ஊதாவோடு வெளுத்தன. ஆள்காட்டி விரலுக்கு வந்தாள்.

பஞ்சு கறுத்தது. வேறு பஞ்சு எடுத்தாள். அதுவும் கொஞ்சம் கறுத்தது. மூன்றாவது பஞ்சு எடுத்து அழுத்தித் துடைத்தாள்.

"என்னடி மை வாங்கின? போகவே மாட்டேங்குது."

வினார்னி கதவுப் பக்கம் பார்த்தாள்.

சுமிரா இன்னும் எண்ணெய் ஊற்றினாள், நகக்கண் ஓரமெல்லாம் வழித்தாள். பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். பஞ்சு வெள்ளையாக இருந்தது. விரல் கறுப்பாகவே இருந்தது.

அவள் கை நின்றது. அந்த நுனியைத் தன் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். புருஷனின் கடைசிக் குளியலை நடத்தியவள் சுமிரா. அந்தக் குளிர்ச்சி எப்படி இருக்கும் என்று அவள் கைக்குத் தெரியும்.

"வலிக்குதா?"

"இல்லம்மா. நேத்துலேர்ந்து அங்க வலிக்கல."

"இங்க?"

கட்டை விரலைத் தொட்டதுதான் தாமதம், வினார்னி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"எப்பலேர்ந்துடி? ஏண்டி சொல்லல?"

"சொன்னா விரதத்தை நிறுத்தச் சொல்லுவ. நிறுத்தினா அவங்க வேற ஆளக் கூட்டிட்டு வருவாங்க. நீதானேம்மா பயந்த?"

சுமிரா எழுந்தாள். வாசலுக்குப் போய் ஹர்தோயோவைக் கை காட்டிக் கூப்பிட்டாள். அவர் வந்தார், பார்த்தார். வேன் சாவியை எடுத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பின்பக்கமாப் போங்க," என்றாள் சுமிரா. "யாரும் பாக்க வேண்டாம். நான் ஐஸ் குடுத்து முடிச்சதும் வந்துடறேன். பொண்ணோட அம்மா நடுவுல எழுந்திரிச்சா..."

"எழுந்திரிக்க வேண்டாம்," என்றார் ஹர்தோயோ. "உக்காருங்க. வசதியா உக்காருங்க."

எங்கள் ஊர் விருந்தில் யாரும் எழுந்து போய்ப் பரிமாறிக்கொள்வதில்லை. உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வரும். முதலில் டீயும் பலகாரமும், பிறகு சூப், பிறகு சோறு, கடைசியில் ஐஸ். ஐஸ் வந்தால் கல்யாணம் முடிந்ததென்று அர்த்தம். அதுவரை பெண்ணின் அம்மா மேடையில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

சுமிரா உட்கார்ந்திருந்தாள். சூப் போயிற்று. கசியாத்தி மேடைக்குக் கீழே நின்று யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அக்காகாரி விரதம் இருந்து வரைஞ்சது. அந்தக் கையப் பாருங்க!" சோற்றுத் தட்டு வந்தது. பிரஸ்திவி பக்கத்தில் குனிந்து கேட்டாள்.

"அம்மா, அக்கா எங்க?"

"தலைவலின்னு படுத்திருக்கா."

"சாப்பிட்டாளா? விரதம் முடிஞ்சுதே."

"சாப்பிடுவா. நீ நேரா உக்காரு, போட்டோ எடுக்கறாங்க."

சுமிராவும் போட்டோவுக்குச் சிரித்தாள். ஐஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்தபோது, நடுக்கூடத்தில் ஒருத்தர் இன்னும் சோறு கேட்டார். அந்த ஆளை அவள் மனசார சபித்தாள்.

சாயங்காலம், ஜரிகை போட்ட கபாயா மேல்சட்டையும் பவுடர் முகமுமாக அவள் வாடகை மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினாள். வாசலில் இருந்த காவலாளி, "கல்யாண மண்டபம் அடுத்த தெருவுலம்மா," என்றான். அவள் அவனைத் தாண்டிப் போனாள்.

வார்டில் வினார்னியின் இடது கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. வலது கையில் கட்டு. டாக்டரம்மா கட்டிலின் அந்தப் பக்கம் நின்று மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஹர்தோயோ வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறார். சுமிரா கால்மாட்டிலேயே நின்றுவிட்டாள்.

"பச்சை அப்படியே இருக்கு. மஞ்சளும் அப்படியே இருக்கு. வெள்ளை மட்டும் சுத்தமாக் காலி," என்றார் டாக்டரம்மா. "என்ன கணக்கும்மா இது?"

ஹர்தோயோ மனைவியைப் பார்த்தார்.

"பச்சைதான் உங்க வியாதியப் பிடிச்சு வச்சிருந்தது. வெள்ளை வெறும் துணைக்கு. பிடிச்சிருந்ததை விட்டுட்டீங்க, துணைய வச்சுக்கிட்டீங்க. திடீர்னு நிறுத்தினதுல வியாதி ரத்தக் குழாய்க்குள்ள போயிடுச்சு. குழாய் சுவரெல்லாம் வீங்கி உள்ள வழி அடைச்சுக்கிச்சு. விரல் நுனிக்கு ரத்தமே போகல. கால்ல இருக்கற புள்ளியும் அதேதான்."

"காலுக்கு வாயுன்னு..." என்று ஆரம்பித்த சுமிரா நிறுத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒரு தரம் அவளைப் பார்த்தார், அவள் நகையைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார்.

"விரல் எப்படிங்க?" என்று கேட்டார் ஹர்தோயோ.

"ஆள்காட்டி விரல் நுனி போயிடுச்சு. அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நான் பயப்படறது கட்டை விரலுக்கு. பெரிய டோஸ் மருந்து ஏத்தறோம். குழாய் திறந்துக்கிச்சுன்னா பிழைக்கும். காலையில பாத்துத்தான் சொல்ல முடியும். இதே வீக்கம் குடல்லயோ கிட்னியிலயோ வந்திருந்தா இப்ப நாம விரலைப் பத்திப் பேசிட்டிருக்க மாட்டோம்."

பிறகு வினார்னியிடம் குனிந்தார். "நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? யாரு சொல்லி நிறுத்தினீங்க?"

வினார்னியின் கண் கால்மாட்டுக்குப் போயிற்று. அங்கே பவுடர் பூசிய முகம் ஒன்று, வாயைத் திறந்து மூடியது. வினார்னி காத்திருந்தாள். டிரிப்பில் சொட்டு விழுவதைப் பார்ப்பதுபோல அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நானேதான் டாக்டர்," என்றாள் கடைசியில்.

ஹர்தோயோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "நானும் மடையன்தானே. காலையில கேட்டேன், போட்டேன்னா. நம்பிட்டேன்."

"காலையில ரவுண்ட்ஸ்ல மறுபடி கேப்பேன்," என்றார் டாக்டரம்மா. "வேற யாராவது ஏதாவது குடுத்திருந்தாலும், ஏதாவது சொல்லியிருந்தாலும், யோசிச்சுச் சொல்லுங்க. திட்டறதுக்கு இல்ல. நாளைக்கு வீட்டுக்குப் போனா மாத்திரை யார் கையில இருக்கும்னு எனக்குத் தெரியணும்."

அவர் போனார். மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்து வாங்கி வர ஹர்தோயோவும் போனார். போகும்போது மாமியாரை அவர் பார்க்கவே இல்லை.

சுமிரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜரிகை குத்தியது.

"எதுக்குடி உன் தலையில போட்டுக்கிட்ட?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

"சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன்."

"திறந்த. நானும் பாத்தேன்."

"உன் புருஷன் இருந்தாரேடி. அவர் முன்னாடி எப்படி..."

"பிரஸ்திவிகிட்ட டாக்டர்கிட்டக் கேட்டதா சொன்னியாமே?"

சுமிரா தோள்துணியால் முகத்தைத் துடைத்தாள். பவுடர் ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் நின்றது. "அவ பயந்தா. சமாதானத்துக்குச் சொன்னேன். நான் என்ன உன்னைக் கெடுக்கணும்னா செஞ்சேன்? தினமும் என் கையால பொறுக்கி வச்சேனே. ஒரு வெள்ளைகூடத் தப்பாம வச்சேனே."

அதுதான் உண்மையும்கூட. ஒன்றுகூடத் தப்பாமல்தான் வைத்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று வினார்னிக்குத் தோன்றியது. ஒரு கையில் ஊசி, ஒரு கையில் கட்டு. எந்தக் கையால் பிடிப்பது?

"விடும்மா," என்றாள். "நானும்தானே தின்னேன்."

இந்த இடத்தில் சுமிராவின் போன் அடிக்காமல் இருந்திருந்தால் இந்தக் குடும்பம் வேறு மாதிரிப் போயிருக்கும். அடித்தது. சுமிராவுக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அன்றும் பழக்கத்தில் அதையே அழுத்தினாள்.

"சம்பந்தி!" கசியாத்தியின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "எங்க போயிட்டீங்க? தேடினேன். ஒரு நல்ல விஷயம். என் சின்னவளுக்கு ஹஜ் மாசத்துல கல்யாணம் வச்சிருக்கோம்ல, அதுக்கும் வினார்னிதான். என் தங்கச்சிகூடத் தன் பொண்ணுக்கு அவளையே கேக்கறா. இனிமே எங்க வீட்டுக் கல்யாணம் எல்லாம் அவ கைதான், நான் சொல்லிட்டேன்."

வினார்னி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள்.

"ஆனா அதே விரதம் இருக்கணும், சரியா? இந்தத் தடவை இருந்தாளே, அதே மாதிரி. ஒண்ணும் குறையக் கூடாது."

சுமிரா மகளின் வலது கையைப் பார்த்தாள். வெள்ளைக் கட்டு. உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவளுக்குத் தெரியும். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். வினார்னியும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். இரண்டாவது தடவையாக.

"சரிங்க," என்றாள் சுமிரா. "சொல்லிடறேங்க."

போன் அணைந்தது.

பக்கத்துக் கட்டில்காரி இந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

"சரின்னுட்ட," என்றாள் வினார்னி.

"என்னடி சொல்லச் சொல்ற? அஞ்சு நாள் நம்ம வீட்ல இருந்துட்டு பிரஸ்திவி அந்த வீட்டுக்குப் போகணும். அக்காவுக்கு விரல் போச்சுன்னா என்ன நினைப்பாங்க? ரத்தத்துலயே வியாதின்னு பேசுவாங்க. அவ பிள்ளை பெத்துக்கறவரைக்கும் அவ முகத்தையே உத்து உத்துப் பாப்பாங்க. நான் ஒருத்திய இழந்துட்டு இன்னொருத்தியையும்..."

"யாரும்மா இழந்தா? நீயா?"

சுமிரா ஸ்டூலைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"காலையில டாக்டரம்மா கேப்பாங்க," என்றாள் வினார்னி. குரலில் கோபம்கூட இல்லை. "அவரும் பக்கத்துல இருப்பாரு. நான் சொல்லப்போறேன்."

"வேண்டாம்டி. உன் புருஷன் என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாரு."

"தெரியும்."

"உன் அம்மாடி நான்."

"அதுக்குத்தான் அப்ப நானேதான்னு சொன்னேன். அது முடிஞ்சுபோச்சு."

நடையில் ஹர்தோயோவின் செருப்புச் சத்தம் கேட்டது. சுமிரா அவசரமாக எழுந்து முகத்தில் மீதியிருந்த பவுடரைத் துடைக்க ஆரம்பித்தாள். வினார்னி அவளைப் பார்க்கவில்லை. கட்டுக்குள்ளே கட்டை விரலை அசைத்துப் பார்த்தாள். அசைந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.